மார்க்கர் அண்ணனின் வலது கால்

குலசேகரம் ஜங்ஷனில் பஸ்ஸை விட்டு இறங்கி, தோளில் ராக்கெட் பையோடு அவர் நடந்து வந்தால், சாயாக்கடை முதல் மருந்துக்கடை வரை ஒரே கேள்விதான் வரும்.

"மார்க்கரே, ஜெயிச்சியா?"

அவர் நடையை நிறுத்தாமல் கேட்டவரின் முகத்தைப் பார்த்து, "தோத்தேன்" என்பார். அவ்வளவுதான். வெயில் என்று சொல்ல மாட்டார். ரயில் லேட், நடுவருக்குக் கண் தெரியவில்லை, எதிரே ஆடியவனுக்கு வயது பதினெட்டு, எதுவும் சொல்ல மாட்டார். கேட்டவர்தான் சங்கடப்பட்டு, "சரி, அடுத்த தடவ பாக்கலாம்" என்று சாயாவை உறிஞ்சுவார். இந்தக் காட்சியை ஏழு வருஷம் என் கடை வாசலில் நின்று பார்த்தவன் நான்.

என் கடை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அப்பாவின் ரப்பர் ஷீட் வியாபாரத்துக்கு முன்பக்கம் ஓர் அறை. கிரிக்கெட் மட்டை, கேரம் போர்டு, ஷட்டில் காக், அப்புறம் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டும் ஒரு பழைய மெஷின். அப்படி நரம்பு கட்டுவதைத்தான் எங்கள் ஊரில் கட்டிங் என்பார்கள். இந்த மாவட்டத்தில் டென்னிஸ் ராக்கெட்டுக்கு ஒழுங்காகக் கட்டிங் போடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். நாகர்கோவிலில் இன்னொருவர் இருந்தார். அவரை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஊரே மார்க்கர் என்றுதான் கூப்பிட்டது. சண்டை வரும்போது அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவார். மார்க்கர் என்பது கிளப்பில் ஒரு வேலை. எங்கள் ஊருக்கு மேலே ரப்பர் தோட்டக்காரர்களுக்கு ஒரு கிளப் உண்டு, அதில் ஒரு செம்மண் டென்னிஸ் கோர்ட் உண்டு. கோர்ட்டுக்கு வெள்ளம் தெளித்து, உருளை இழுத்து, கோடு போட்டு, சாயங்காலம் வருகிற மெம்பர்களுக்குத் துணைக்கு ஆடுவது மார்க்கரின் பொறுப்பு. பத்தொன்பது வயதில் அந்த வேலைக்குச் சேர்ந்தார். அதுவரை டென்னிஸ் பந்தைக் கையால் தொட்டதில்லை.

துணைக்கு ஆடுவது என்றால் என்ன தெரியுமா? மெம்பரின் கைக்கு எட்டுகிற இடமாகப் பார்த்துப் பந்தைப் போட்டுக்கொடுப்பது. அவர் தொப்பையோடு ஓட வேண்டியிருக்கக் கூடாது. கடைசியில் அவரே ஜெயிக்க வேண்டும், ஆனால் விட்டுக்கொடுத்தது தெரியவும் கூடாது. சில நாள் மறதியாக இவர் ஜெயித்துவிடுவார். அன்றைக்கு மெம்பர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே காரணம் சொல்லத் தொடங்குவார். ஷூ புதுசு. பந்து பழசு. மத்தியானம் தின்ற நெய்மீன் சரியில்லை. இவர் ஒவ்வொன்றுக்கும் "ஆமா சார், ஆமா சார்" என்று தலையாட்ட வேண்டும். அதுவும் வேலையில் சேர்த்திதான்.

"பத்து வருசம் மக்கா" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். "காரணம் கேட்டுக் கேட்டு எனக்க காதே தேஞ்சு போச்சு. மார்க்கரே, இன்னைக்கு நீ நல்லா ஆடினன்னு ஒருத்தராவது சொல்லணுமே. கெடையாது. தோத்தவன் காரணம் சொன்னா, ஜெயிச்சவனுக்க ஜெயத்துல பாதிய புடுங்கிட்டுப் போறான், கேட்டியா?"

அதனால்தான் அவர் தோற்றால் காரணம் சொல்வதில்லை. இது சரி. ஆனால் மனிதருக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. அபூர்வமாக எங்காவது ஜெயித்துவிட்டு வருவார். மதுரையில் ஒரு மாநிலப் போட்டியில் முன்னணி ஆட்டக்காரன் ஒருவனை அடித்துவிட்டு வந்தார். நான் கடையிலிருந்து இறங்கி ஓடிப்போய், "அண்ணா, ஜெயிச்சியளாமே" என்றேன்.

"அவனுக்கு சுகமில்ல மக்கா. ரெண்டு நாளா காய்ச்சலாம்" என்றார்.

அடுத்த முறை, "அவனுக்க ராக்கெட் நரம்பு அறுந்து போச்சு." அதற்கடுத்த முறை, "பாவம், அவனுக்குப் பரீட்ச நேரம்." தன் தோல்விக்குக் காரணம் சொல்லாதவர், எதிராளியின் தோல்விக்குத் தானே காரணம் தேடிக் கொண்டுவந்து கொடுப்பார். பத்து வருஷம் "ஆமா சார்" சொன்ன வாய் அல்லவா? ஜெயித்தது நான்தான் என்று சொல்ல அதற்கு வரவேயில்லை. எனக்கு இது பெரிய எரிச்சல். ஒருநாள் கேட்டும் விட்டேன். "உங்களுக்கும் ஒரு தடவ காய்ச்சல் வரப்பிடாதா?"

வந்திருக்கிறது. அதை எனக்குச் சொன்னது கோயம்புத்தூர்க்கார ஆட்டக்காரர் ஒருவர். கட்டிங் போட வந்தவர் பேச்சுவாக்கில், "உங்க ஊர் ஆளு போன மாசம் நூத்திரண்டு காய்ச்சலோட மூணு செட் ஆடுனாருங்க" என்றார். அந்த ஆட்டத்துக்குத்தான் ஜங்ஷனில் எல்லோரிடமும் "தோத்தேன்" என்று சொல்லிக்கொண்டு போனார் மனிதர்.

அவர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனது இருபத்தொன்பது வயதில். மற்றவர்கள் அந்த வயதில் முட்டிவலி என்று நிறுத்துவதைப் பற்றிப் பேசுவார்கள். அண்ணன் அந்த வயதில் தொடங்கியதற்குக் காரணம் மைனி, அவர் மனைவி. அப்போது மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். கல்யாணமான புதிதில் ஒருநாள் சாப்பாட்டுப் பாத்திரம் கொடுக்க கிளப்புக்குப் போனவர், வேலியோரம் நின்று ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் கேட்டாராம். "ஏன் அவருக்க கையிலயே கொண்டு போடுதிய? தள்ளிப் போட்டா என்ன?"

"தள்ளிப் போட்டா வேல போவும்."

"போட்டும்."

ஒரு சொல்தான். மைனி மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனார். அண்ணன் மார்க்கர் வேலையை விட்டுவிட்டுப் போட்டிகளுக்குப் போகத் தொடங்கினார். முதல் இரண்டு வருஷம் பெரிய கூத்து. கை பழகிய பழக்கத்தில் எதிராளிக்கு நோகாமல் பந்தைப் போட்டுக்கொடுத்துவிடும். நல்ல சந்தர்ப்பத்தில், கோர்ட்டில் பாதி காலியாகக் கிடக்கும்போது, நேராக அவன் நிற்கும் இடத்துக்கே அடித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார். காலியான இடத்துக்கு அடிக்கக் கற்றுக்கொள்ள அவருக்கு முப்பத்தொன்று ஆயிற்று. அதன்பிறகுதான் அவர் ஆட்டம் மலர்ந்தது. முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்க்கக் கண் இரண்டு போதாது.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பாயிண்ட். உலகத் தரவரிசைப் பட்டியலில் பேர் வர வேண்டுமென்றால், சர்வதேசப் போட்டி ஒன்றில் தகுதிச்சுற்றைத் தாண்டி, மெயின் டிரா என்கிற முக்கியச் சுற்றில் ஓர் ஆட்டமாவது ஜெயிக்க வேண்டும். ஜெயித்தால் ஒரு பாயிண்ட். பட்டியலின் கடைசிப் பக்கத்தில் எங்கோ பேர் வரும். ஒரு வருஷத்தில் அந்தப் பாயிண்ட் காலாவதியாகி, பேரும் போய்விடும். இதற்காகவா ஆறு வருஷம் அன்ரிசர்வ்டு பெட்டியில் அலைந்தார் என்றால், ஆமாம், இதற்காகத்தான். மைனியும் சலிக்காமல் பார்த்தார். கடைசியில் ஆறாவது வருஷம் போனில் சொல்லிவிட்டார். "இந்தக் கிறிஸ்மஸ் வர. அதுக்கு மேல ஒங்க உடம்பு தாங்காது. ஸ்கூல்ல பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுக்குத வேல பாருங்க." அண்ணனும் சரி என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த ஐப்பசியில் திருவனந்தபுரத்தில் ஒரு சர்வதேசப் போட்டி. வீட்டிலிருந்தே போய்வரலாம். சனி, ஞாயிறு இரண்டு தகுதி ஆட்டங்களையும் ஜெயித்தார். (முதலாமவனுக்குத் தூக்கம் போதவில்லையாம். இரண்டாமவனுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையாம்.) செவ்வாய்க்கிழமை காலையில் முக்கியச் சுற்று. திங்கள் மத்தியானம் மூன்று ராக்கெட்டையும் எடுத்துக்கொண்டு பைக்கில் என் கடைக்கு வந்தார். வழியில் துலா மழை பிடித்துக்கொண்டது. மனிதரும் நனைந்து, பையும் நனைந்து, ராக்கெட்டின் தோல் பிடிகள் எல்லாம் ஊறிப்போயிருந்தன.

அன்றைக்கு நான் கட்டிங் போட்டது போல என் ஆயுளில் போட்டதில்லை. ஒவ்வொரு நரம்பையும் தட்டிச் சத்தம் பார்த்தேன். மூன்றும் ஒரே சுதியில் இருந்தன. பிடி மட்டும் ஈரம். ஈரப் பிடியோடு ஆடினால் கை வழுக்கும். வெளியே மழை விடவில்லை. நான் என்ன செய்தேன் என்றால், மூன்றையும் கொண்டுபோய் பின்னால் புகைப்புரையில் தொங்கவிட்டேன்.

ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்துகிற அறைதான் புகைப்புரை. எங்கள் பக்கத்து வீடுகளில் மழைக்காலத்தில் காயாத எதுவும் அங்கேதான் போகும். நல்லமிளகு, ஜாதிக்காய், பிள்ளைகளின் யூனிஃபார்ம், என் கல்யாண வேட்டிகூட அங்கே காய்ந்ததுதான். காலையில் எடுத்துப் பார்த்தேன். பிடிகள் மொறமொறவென்று காய்ந்திருந்தன. எனக்கு என்னை நினைத்தே பெருமையாக இருந்தது. பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

சூட்டில் நரம்பு தளர்ந்துவிடும் என்பது நரம்பு கட்டுகிறவனுக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியும். வெயிலில் நிற்கும் காருக்குள் ராக்கெட்டை வைக்காதீர்கள் என்று எல்லோருக்கும் உபதேசம் செய்கிறவனே நான்தான். ஆனால் பிறந்ததிலிருந்து உள்ளே போய்வருகிற புகைப்புரையை ஒரு சூடான இடம் என்று நினைக்கவே எனக்குத் தோன்றவில்லை. அது எங்கள் வீட்டில் ஓர் அறை, அவ்வளவுதான்.

திருவனந்தபுரத்தில் நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் பையைத் திறந்தார். ஒரு நொடி அப்படியே நின்றார். ராக்கெட்டை எடுத்து உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார். அடுத்ததை எடுத்தார், அதற்கடுத்ததையும் எடுத்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஆடப் போனார். முதல் செட்டில் பந்தெல்லாம் கோட்டுக்கு ஒரு முழம் வெளியே போய் விழுந்தது. தளர்ந்த நரம்பில் அப்படித்தான் பறக்கும். எனக்கோ விஷயம் பிடிபடவில்லை. இரண்டாவது செட்டில் வீச்சைக் குறைத்து, பழைய மார்க்கர் மாதிரி மெதுவாகத் தள்ளித் தள்ளியே ஜெயித்தார். மூன்றாவது செட்டை ஐந்துக்கு ஏழு என்று விட்டார். இரண்டே பந்து, கோட்டுக்கு வெளியே.

கை கொடுத்துவிட்டு வந்து பையை என் மடியில் வைத்தார். அப்போதுதான் எனக்கும் அந்த மணம் வந்தது. புகையும் ரப்பருமாக எங்கள் புகைப்புரையின் மணம். ஜிப்பை இழுத்து மூடினேன்.

அன்று சாயங்காலம் ஜங்ஷனில் இறங்கினோம். "மார்க்கரே, ஜெயிச்சியா?"

"தோத்தேன்" என்றார். இரண்டடி நடந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். திரும்பி, "காலு பிடிச்சிட்டு" என்றார். "வலது காலு."

சாயாக்கடையில் எல்லோரும் கிளாஸைக் கீழே வைத்தார்கள். ஆறு வருஷத்தில் மனிதர் சொன்ன முதல் காரணம் அது. கூட வந்திருக்கிற கட்டிங்காரனைப் பார்த்து ஊர் ஒரு கேள்வி கேட்டுவிடக் கூடாதே என்று சொன்ன காரணம் என்பது எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. புரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அன்று அவர் வீடு வரை நொண்டிக்கொண்டே போனார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், மறுநாள் கடைக்கு வந்தபோது இடது காலை நொண்டினார்.

அந்தப் பொய் போன் வழியாக மஸ்கட்டுக்கும் போனது. அதுதான் வினையாயிற்று. இரண்டு பந்தில் தோற்றார் என்று கேட்டிருந்தால் மைனி நிச்சயம் இன்னொரு வருஷம் கொடுத்திருப்பார். கால் பிடித்தது என்று கேட்டதும், "நான் சொன்னேன்லா, உடம்பு கேக்காதுன்னு. போதும்" என்று முடித்துவிட்டார். அண்ணன் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. ராக்கெட் பை பரணுக்குப் போயிற்று. நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்கும் பேசி முடித்தார்கள், ஜனவரியில் சேர வேண்டும்.

நான் என்ன செய்தேன்? காரணம் தேடினேன். அதில் நான் கெட்டிக்காரன். அரசுப் பரீட்சையில் இரண்டு முறை தோற்றதற்கு என்னிடம் ஆளுக்கேற்ற மாதிரி நாலு காரணம் உண்டு. மழைதான் காரணம், மழையில் பைக்கில் வந்த அவர்தான் காரணம், எப்படியும் அவர் வயதுக்கு அந்தப் பையனை ஜெயித்திருக்க முடியாது. இப்படி இரண்டு மாதம் ஓட்டினேன். அவரோ தினமும் கடைக்கு வந்து, ஒன்றும் நடக்காதது போல என்னோடு சாயா குடித்துவிட்டுப் போனார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

டிசம்பரில் மைனி லீவுக்கு வந்தார். அண்ணன் சர்ச்சில் ஸ்டார் கட்டப் போயிருந்த நேரமாகப் பார்த்து வீட்டுக்குப் போனேன். மைனி அடுக்களையில் அச்சுமுறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார்.

"மைனி, அண்ணனுக்குக் காலு பிடிக்கல. நான் ராக்கெட்ட புகைப்புரையில தொங்கவிட்டேன். நரம்பு தளந்து போச்சு. அதான் தோத்தாரு."

மைனி அடுப்பை அணைத்தார். "புகைப்புரையிலயா?"

"ஆமா."

"ரெண்டு மாசமா ஏன் சொல்லல?"

மழை என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "பயந்துட்டேன்" என்றேன்.

மைனி எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தார். "போன்ல கேட்டப்பம் வலது காலுன்னாரு. ஏர்போர்ட்டுல பாத்தா எடது கால நொண்டுதாரு. நான் நர்ஸாக்கும் தம்பி. மனுசனுக்கு வயசாயி புத்தியும் தடுமாறுதேன்னு பிளைட்டு எறங்கின எடத்துலயே எனக்கு அழுக வந்துட்டு. ஒன்ன நாலு சாத்து சாத்தணும்."

"சாத்துங்க மைனி."

சாத்தவில்லை. ஒரு தட்டில் நாலு அச்சுமுறுக்கு வைத்துக் கையில் கொடுத்தார். "இனி ஒரு வருசம். ஸ்கூல்ல நான் பேசிக்கிடுதேன். நீ போ."

மறுநாள் கடை திறக்கும் முன்னமே அண்ணன் வந்து வாசலில் நின்றார். தோளில் பை.

"அவகிட்ட போயி சொன்னியாலே?"

"சொன்னேன்."

"நான் ஒங்கிட்ட கேட்டனா?"

"நீங்க மட்டும் என்ன? தோத்தா காரணம் சொல்லப்பிடாதுன்னு ஊருக்கெல்லாம் பெருமையா நடந்துட்டு, எனக்காவ காலுன்னு சொன்னியளே, அது காரணம் இல்லியா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "அது பொய்யாக்கும் மக்கா" என்றார். "காரணம் வேற, பொய் வேற. புகைப்புரைன்னு சொல்லியிருந்தா அது காரணம்."

நான் கடைக் கதவைத் திறந்தேன். பையை மேஜைமேல் வைத்தார். "மூணுக்கும் கட்டிங் போடு. காய வைக்க வேண்டாம்" என்றார். அன்று இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அப்பா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

அந்த வருஷம் அவர் ஒன்பது போட்டிக்குப் போனார். எட்டிலிருந்து திரும்பி வந்தபோது ஜங்ஷனில் அதே கேள்வி, அதே பதில். ஒன்பதாவது போட்டி வடக்கே ஒரு ஊரில். அன்று எனக்கு ஷீட் அடுக்கும் வேலை. புகைப்புரைக்குள் நிற்கும்போது போன் அடித்தது.

"அண்ணா, ஜெயிச்சியளா?"

"ம்" என்றார். "முடிஞ்சுது. மெயின் டிரா முதல் ரவுண்டு." பின்னால் யாரோ இந்தியில் ஏதோ கத்துவது கேட்டது. "அந்தப் பயலுக்குக் காலு பிடிச்சிட்டு மக்கா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏழு வருஷம் அலைந்து வாங்கிய ஒரு பாயிண்டையும் எவன் காலிலோ கொண்டுபோய்ப் போடுகிறாரே மனிதர்.

"எந்தக் காலு?" என்று கேட்டேன்.

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"ஒரு காலும் பிடிக்கல மக்கா" என்றார். "அவன் நல்லாத்தான் ஆடினான். நான் ஜெயிச்சேன்."

"இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணா."

"நான் ஜெயிச்சேன்."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஷீட்டுகளுக்கு நடுவிலேயே நின்றேன். வெளியே வந்தபோது அம்மா முற்றத்தில் துணி மடக்கிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்லே கண்ணு இப்பிடிச் செவந்திருக்கு, பொகையா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, அழுதேன்" என்றேன்.